சலூன் நாற்காலியில் மடங்கிய விரல்கள்

பதினெட்டு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். அப்போது ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். வருகிறவர்களின் பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோவேன். இரண்டு மாதமாக வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டீ கிளாஸ் நழுவும். சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுவாள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வெளியே மூச்சு விடவில்லை.

எனக்கிருந்த ஒரே சுகம் ஊருக்குள் ஒண்டிக்கடை ரவுண்டானாப் பக்கமிருந்த சலூன். முடி வெட்டியதும் கடைக்காரர் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. கழுத்து 'மளுக்'கென்றால்தான் எனக்கு முடி வெட்டிய திருப்தியே வரும்.

அன்று பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. கண்ணாடியில் என் முகம் பாதி கரைந்து, வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. கத்தரிச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. அரைத் தூக்கத்தில் இருந்தேன். கடைக்காரர் என் தாடையில் கை வைத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று ஒரு குரல். முடி வெட்டக் காத்திருந்த வெளியூர்க்காரர். நரம்பு டாக்டராம். கழுத்துப் பொத்தானைக் கழற்ற நான் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறார். கையில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணுமில்லீங்க, கை நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன்.

அவர் என் கையை என் மடியிலேயே வைத்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கமாகச் சீப்பின் பிடியால் தட்டினார். முழங்கை லேசாக மடங்க வேண்டுமாம். அது அசையவில்லை. அதற்குப் பதிலாக விரல்கள் மடங்கின. மறுபடி தட்டினார், மறுபடி மடங்கின. நான் மடக்கவே இல்லை. கனவில் வேறொருவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரே விளக்கினார். தட்டிய செய்தி மூளையைக் கேட்காமலே கழுத்துத் தண்டுவடம் வரை போய்த் திரும்பி, தட்டிய தசையையே இழுக்குமாம். எனக்கு அந்த இடத்தில் ஏதோ அழுத்துவதால், அது விரல்களுக்குத் திரும்பிவிடுகிறதாம். மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகுமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். இந்தக் கழுத்தை இனித் திருப்பவே கூடாது, உடனே சேலம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

"பதினஞ்சு வருசமா சொடக்கு எடுக்கறனுங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லீங்க" என்றார் கடைக்காரர். சொல்லும்போதே கையை எடுத்துவிட்டார். "ஏனுங்க, எங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்க" என்று என்னைக் கடிந்துகொண்டு, அடுத்த சேலம் பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டார்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் சவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு திருப்பு திருப்பியிருந்தால் படுத்த படுக்கையாகவே ஆகியிருக்கலாம் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. நான் பயந்தபடி வேலையும் போகவில்லை. அறைச் சாவி கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

இப்போது பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். மேல் பொத்தானுக்கு மட்டும் நேரமாகும். பொய் சொன்ன என் வாயை விட்டுவிட்டு என் விரல்களை நம்பினாரே, அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லையே என்று அந்த நேரத்தில் தினமும் மனது உறுத்துகிறது.