பாதி நிறைந்த மணற்பை

என் மேசையின் கீழறையில் வெகுகாலம் ஒரு மணற்பை இருந்தது. ஒரு முழ நீளத்தில், கை அகலத்தில், இரு முனையிலும் கட்டுவதற்கு நாடா வைத்துத் தைத்த பை. என் தகப்பனார் மிஷன் உபதேசியாராகக் கிராமம் கிராமமாகப் போய் வந்த காலத்தில் அணிந்திருந்த வெள்ளை அங்கி நைந்தபோது, அதன் முதுகுப் பக்கத்திலிருந்து வெட்டிய துணி அது. மணல் கொக்கிரகுளத்து ஆற்றங்கரையில் அள்ளியது. பையைக் கையில் எடுத்தால் உள்ளிருக்கும் மணல் முழுவதும் சரசரவென்று ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்துகொள்ளும். பாதிப் பைக்குத்தான் மணல் இருந்தது. மீதிப் பாதியும் நாளடைவில் நிறையும் என்றுதான் அதை அவ்வளவு நீளமாகத் தைத்தேன். தைத்தபோது எனக்குப் பதினேழு வயது. கட்டியது என் அண்ணனின் காலில்.

சீமை ராஜாவின் முடிசூட்டு விழாவுக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு மறு வருடம். அண்ணன் பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தான். படிப்பைவிடக் கால்பந்தில்தான் அவன் பெயர் ஊருக்குத் தெரியும். வெறுங்காலோடு ஆடுவார்கள். கால்விரல்களைச் சேர்த்து ஒரு துணிக்கட்டு, அவ்வளவுதான். பந்தைக் கொண்டுபோகிற வேகத்திலேயே சட்டென்று திசை திரும்புவது அவனுடைய வித்தை. ஆனி மாதத்துச் சாரலில் நனைந்திருந்த மைதானத்தில் அப்படித் திரும்பியபோது பாதம் மண்ணில் பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. இடையில் அகப்பட்டது வலது முழங்கால். அவனைக் கட்டிலில் போட்டுத் தூக்கிவந்தார்கள். முதலில் உளுந்தும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டினார்கள். வீக்கம் வற்றாததால் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மாள் சீமையிலிருந்து வந்தவர். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவராதலால் புத்தகத் தமிழில்தான் பேசுவார். கட்டுப் பிரித்த அன்று அண்ணனின் இரண்டு தொடைகளையும் நாடாவால் அளந்துவிட்டு, “உமது முழங்கால் நல்ல பிள்ளை. உமது தொடையோ பெருஞ்சோம்பேறி” என்றார். அண்ணன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. மூட்டின் உள்ளே அறுந்தது பழையபடி ஒட்டாது என்றும், அதன் வேலையையும் சேர்த்துத் தொடைச் சதைதான் இனிச் செய்யவேண்டும் என்றும், படுத்திருந்த நாட்களில் அது மெலிந்துபோனது என்றும் விளக்கினார். வலி போவதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். இரண்டு தொடையும் நாடாவில் ஒரே அளவு காட்டும்வரை ஓடக்கூடாது. அளக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். நாடா பொய் சொல்லாது, தமையன் சொல்லக்கூடும் என்று காரணமும் சொன்னார்.

அதற்காகத்தான் மணற்பை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பையைக் கணுக்காலில் சுற்றிக் கட்டி, காலை நேராக நீட்டி உயர்த்தவேண்டும். கர்த்தருடைய ஜெபத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கிறவரை இறக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு பிடி மணல் கூட்டவேண்டும். ஜெபத்தால் அளப்பது அண்ணனுடைய யோசனை. கால் நடுங்கத் தொடங்கியதும் அவன் வாயில் வேகம் கூடும். “இப்படி ஓடுனா ஆமென் மட்டும் தனியா வந்து சேரும்லா” என்பேன். “ஏட்டி, நீ கட்டிப் பாரு, ஒனக்குப் பரலோகமே தெரியும்” என்பான். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஜெபமும் பயிற்சியும் ஒரே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கொன்று விரோதம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விடியற்காலையில் ஆற்றில் நடக்கவேண்டும் என்பது டாக்டரம்மாளின் இரண்டாவது கட்டளை. இடுப்பளவு நீரில் ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக நடக்கவேண்டும். தாங்கி நடக்கிற கோலைக் கரையில் ஊன்றிவிட்டு அண்ணன் இறங்குவான். குளிக்க வந்தவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. “ஏலே, தினமும் ஆத்துக்குள்ள என்னத்தத் தேடுத? மோதிரமா?” என்று ஒருவர் கேட்டார். “என் கால, அண்ணாச்சி. கெடச்சா வீட்டுல குடுத்துருங்க” என்றான். ஆவணி முடிவதற்குள் வலி போய்விட்டது. புரட்டாசியில் கோலில்லாமல் நடந்தான். நாடா மட்டும் ஒத்துவரவில்லை. வலது தொடை இடதைவிட ஒரு பெருவிரல் அகலம் குறைந்தே இருந்தது.

அவனுக்காக ஒரு வேலை காத்திருந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்ததும் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக அவனை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கால் சரியாகவேண்டும் என்பதுதான் நிபந்தனை. நாற்காலி வேலைக்கு அவன் பிறக்கவில்லை. பையன்களை ஓடவைத்து, கூடவே தானும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வாழ்வைத் தவிர வேறெதையும் அவன் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. மணற்பையில் ஏறிய ஒவ்வொரு பிடியும் அந்த வாழ்வை நோக்கித்தான் ஏறியது.

கால் வீங்கிக் கிடந்த முதல் வாரத்தில் அம்மா ஒரு பொருத்தனை செய்திருந்தாள். மகன் கோலில்லாமல் நடக்கிற நாளில் அந்தக் கோலையே கோயிலில் காணிக்கையாக வைப்பதாக. எங்கள் சபைகளில் இது புதிதல்ல. கார் அறுவடை முடிந்து வருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் நெற்கதிரும் பூசணியும் சேவலும் கொண்டுவந்து படைப்பார்கள். அந்த வருடத்தில் சுகம் பெற்றவர்கள் எழுந்து சபைக்கு முன் சாட்சி சொல்வார்கள். அதன்பின் அசனம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சோறு உண்பார்கள். துன்பப்பட்டவனைச் சபையே சுமந்து வந்து கரையேற்றியதாக அன்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறைவு உண்டாகும். அந்த நிறைவை நான் இன்றும் குறைத்துப் பேசமாட்டேன்.

பண்டிகை நெருங்கியபோது டாக்டரம்மாள் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். நான் அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, நாடா இன்னும் ஒத்துவரல்ல. டாக்டரம்மா வரட்டுமே.” அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “கோலு இல்லாம நடந்தா வைக்கேன்னு ஆண்டவருக்குச் சொல்லியிருக்கேன். நடக்கான்லா? நாடாவ நம்பிப் பொருத்தனயத் தள்ளிப்போடச் சொல்லுதியா?” என்றாள். அப்பாவும் மறுக்கவில்லை. புதிதாகச் சபையில் சேர்ந்த கிராமத்து ஜனங்களிடம் மகனுடைய சுகத்தைப் பற்றி அவர் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தார். கால் தேறிய வேகத்தைவிடச் செய்தி பரவிய வேகம் அதிகம்.

அண்ணன் கோலைப் பீடத்துக்கு முன் வைத்தான். “ஆண்டவர் என் காலைச் சுகமாக்கினார்” என்று சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த நன்றியைச் சொன்னான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் முடிந்தபோது அவனுடைய சிகிச்சையும் முடிந்துபோயிற்று என்பதை அந்தக் கோயிலில் இருந்த ஒருவரும் அறியவில்லை.

மறுநாள் மாலை வழக்கம்போல் கட்டிலில் உட்கார்ந்து பையைக் கட்டினான். காலை உயர்த்தி ஜெபத்தைத் தொடங்கியபோது அம்மா உள்ளே வந்தாள். கோபித்திருந்தால் அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பான். அவள் கோபிக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சுகமாக்கிட்டாருன்னு நேத்துத்தான ராசா சொன்ன. இன்னிக்கு மணலக் கட்டுதியே. அப்போ அவர் செஞ்சது ஒனக்குப் போதாதா?” என்று கேட்டபோது அவள் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் காலை இறக்கினான். முடிச்சை அவிழ்த்து என் கையில் கொடுத்தான். பை பாதி நிறைந்திருந்தது. அதற்குப்பின் அவன் அதைக் கட்டவேயில்லை. ஆற்றுக்குப் போவதும் நின்றது. தண்ணீரில் அவன் நடப்பதை யாராவது கண்டால், கால் இன்னும் தேறவில்லை போலும் என்றுதானே பேசுவார்கள்?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலையில் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தார்கள். மறுவாரம் ஒரு பந்தயம். அண்ணன் தயங்கினான். அவர்களில் ஒருவன், “என்னவே, கோயில்ல நின்னு சாட்சி சொன்னீரு. மைதானத்துக்கு மட்டும் விசுவாசம் வராதோ?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் அது அன்பான கேலிதான். “கொஞ்ச நாளு போட்டும்வே” என்றான் அண்ணன். “கொஞ்ச நாளா? அப்போ ஆண்டவரு அர வேலயிலயா உட்டுட்டாரு?” என்றான் இன்னொருவன். உள்ளறையில் அப்பா இருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு, வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

பந்தயத்தைப் பார்க்கப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். பாதி ஆட்டம் வரை பழைய அண்ணனாகவே ஆடினானாம். பிறகு அருகில் எதிராளி யாருமில்லாத இடத்தில், பந்தோடு திரும்பியவன், மரம் சாய்வதுபோல் விழுந்தானாம். ஒருவரும் இடிக்கவில்லை. தாங்கவேண்டிய சதை தாங்கவில்லை.

டாக்டரம்மாள் திரும்பி வந்து பார்த்தார். முழங்காலை அசைத்துப் பார்த்துவிட்டு, நாடாவை எடுத்து இரண்டு தொடைகளையும் மீண்டும் அளந்தார். “யார் ஓடச் சொன்னது?” என்றார். அப்பா, அம்மா, நான் மூவரும் நின்றிருந்தோம். யார் என்று சொல்வது? அப்பாதான் பண்டிகையையும் சாட்சியையும் எடுத்துச் சொன்னார். டாக்டரம்மாளும் தேவ ஊழியத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்தாம். அவர் அப்பாவைக் கடிந்துகொள்ளவில்லை. “நன்றி கூறுவதற்கு என்ன அவசரம் ஐயா? கடவுள் எங்கும் புறப்பட்டுப் போய்விடவில்லையே” என்று மட்டும் சொன்னார். அந்தப் புத்தகத் தமிழைக் கேட்டு அன்று யாரும் சிரிக்கவில்லை.

கால் அதன்பின் பழைய நிலைக்கு வரவேயில்லை. நடக்கக் கோல் வேண்டியிருந்தது. கோலோ கோயிலில் இருந்தது. படைத்ததைத் திரும்பக் கேட்க அப்பாவின் மனம் இடந்தரவில்லை. தச்சரிடம் புதிதாக ஒன்று செய்தோம். பழையது மணியடிக்கும் கோயில்குட்டியாரின் கைக்குப் போய், வளாகத்தில் நுழையும் ஆடுகளை விரட்டப் பயன்பட்டது. ஞாயிறுதோறும் அண்ணன் புதுக்கோலை ஊன்றிக்கொண்டு அதைக் கடந்து போவான். விசுவாசக் குறைவு என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது அவனைவிட அப்பாவைத்தான் அதிகம் வருத்தியது. கிராமங்களில் பேசும்போது அவர் மகனைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டார். அம்மா அடுத்த வருடத்துப் பண்டிகைக்குக் கதிர் மட்டும் கொண்டுபோனாள். எதற்காகவும் எழுந்து நிற்கவில்லை.

டிரில் மாஸ்டர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அண்ணன் விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மணற்பையை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டு வாங்கி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிக் கனம் பார்ப்பான். “இவ்வளவுதான் வந்திருந்தோம், என்ன?” என்பான். வேறெதுவும் சொன்னதில்லை. யாரையும் அவன் குறை கூறி நான் கேட்டதில்லை. யுத்தம் முடிந்த வருடம் ஊர் ஊராகப் பரவிய விஷக்காய்ச்சலில் அவன் போய்விட்டான். அவனை அடக்கம் செய்தபோது கோலையும் உடன் வைக்கவேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். “வேண்டாம்” என்று அம்மா சொன்னாள்.

சென்னையில் பட்டப்படிப்பு முடித்து, ஆசிரியையாகத் திரும்பி வந்த இத்தனை ஆண்டுகளில் அந்த நிகழ்ச்சியைப் பலமுறை எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். பக்தியால் விளைந்த கேடு என்று கல்லூரித் தோழியர் சிலர் தீர்ப்புச் சொன்னார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. காலை உயர்த்திப் பிடித்தபோது அவன் சொன்னதும் ஜெபந்தானே. நன்றியைச் சொல்ல எங்களுக்கு ஒரு நாளும் ஒரு பீடமும் இருந்தன. பாதி சுகமானவன் எழுந்து நின்று பாதி என்று சொல்வதற்கு மட்டும் எங்களிடம் இடமில்லை. முழுவதும் நலம், அல்லது ஒன்றுமே இல்லை. நடுவில் இருப்பவனை நாங்கள் அன்பு மிகுதியால் தள்ளி முன்னே விட்டோம்.

சென்ற ஆவணியில் எங்கள் பள்ளியின் ஓட்டப் பந்தயத்தில் ஒரு மாணவி முழங்கால் பிசகி விழுந்தாள். சீவலப்பேரியில் வயல்வேலை செய்யும் தாயின் ஒரே மகள். ஆஸ்பத்திரியில் இன்று இருக்கும் டாக்டரும் நாடாவால்தான் அளந்தார். கீழறையைத் திறந்து மணற்பையை எடுத்தேன். சில வாரங்களில் வலி விட்டது. தாய் வந்தாள். “டீச்சரம்மா, பிள்ளைக்குச் சுகமாயிட்டுல்லா? பண்டியலுக்குக் காணிக்க வச்சிரட்டா?” என்று கேட்டாள்.

“வையுங்க. வலி போனதுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லுங்க. காலு பையப் பைய வந்துக்கிட்டிருக்கு, இன்னும் ஜெபிச்சுக்கோங்கன்னும் சேத்துச் சொல்லுங்க” என்றேன்.

“அப்படியும் சொல்லலாமாம்மா?” என்றாள்.

பண்டிகையில் அப்படியே சொன்னாள். சபை தலையசைத்துக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை. அசனத்தில் மகளோடு உட்கார்ந்து உண்டுவிட்டு ஊர் திரும்பினாள். மறுநாள் மாலை மாணவி பையோடு என் அறைக்கு வந்தாள். வாரம் ஒரு பிடியாக ஏறி வந்ததில், பை நிறைய அன்று இன்னும் ஒரு பிடிதான் பாக்கி. “பழைய மணலக் கொட்டிட்டு எல்லாம் புதுசாப் போட்டுரட்டா டீச்சர்?” என்றாள். வேண்டாம், மேலேயே போடு என்றேன். போட்டாள். நான் வாயைத் தைத்து முடித்து, நூலைக் கடித்து, பையைக் கையில் தூக்கினேன். மணல் ஓடவில்லை. என் அண்ணனின் கால் ஒருநாளும் உயர்த்தியிராத கனம் அதில் இருந்தது.