டைனமோவுக்கு அடித்த பெயிண்ட்

தங்கச்சிமடத்தில் பழைய வண்டிகளின் எலக்ட்ரிகல் வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்களும் சொல்வார்கள். ஆனால் அதற்காக நான் காத்திருப்பதில்லை.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, ஊருக்குள் ஜீப்பில் அறிவிப்புச் செய்யும் பெண் என் பட்டறைக்கு வந்தார். பழைய ஜீப். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இன்னமும் டைனமோதான். அதே பேட்டரியில்தான் அவருடைய மைக் செட்டும் ஓடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் குழாய் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் ஏறியது, காதுக்குள் கொசு புகுந்த மாதிரி. அவர் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை.

“வெள்ளிக்கெழம திருவிழாக் கொடியேத்தம்ணே. வருசா வருசம் நாந்தான் அறிவிப்பு. இந்தச் சத்தத்தோட வந்தா, பதிவு பண்ணுன குரல வச்சு ஓடுற ஆட்டோவக் கூப்புட்டுருவோம்னு கமிட்டில சொல்லிட்டாக” என்றார். கூடவே, “நீங்க டைனமோவக் கழட்டிப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்த பெறகுதான் இப்படி” என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உப்புக்காற்று ஓர் ஆணியைக்கூட விட்டுவைக்காத ஊர் இது. என் கைக்கு வரும் எந்த இரும்பும் இரண்டு கோட் பெயிண்ட் இல்லாமல் வெளியே போகாது.

“பெயிண்ட் எங்கயாச்சும் சத்தம் போடுமா? வண்டிய இங்கன விட்டுட்டுப் போங்க” என்றேன்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். டைனமோ சுற்றவில்லை, இரைச்சலும் இல்லை. சரி, ஆள் அகப்பட்டான். டைனமோவைப் பிரித்துக் கார்பன் பிரஷ்களை மாற்றினேன். அவை உரசுகிற செம்பு உருளையை உப்புத்தாளால் தேய்த்து, இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். மாட்டினால் அதே இரைச்சல். அந்த இரைச்சலை அடக்குவதற்கென்றே டைனமோவின் முதுகில் ஒரு கண்டென்சர் இருக்கும். அதையும் புதிதாகப் போட்டேன். அப்போதும் அதே இரைச்சல்.

வியாழக்கிழமை காலை அவர் வந்து கேட்டுவிட்டு, “முடியலன்னா சொல்லிருங்கண்ணே. கமிட்டில நானே பேசிக்கிறேன்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானமாக இருந்தது.

அவர் போனதும் கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். கண்டென்சரின் தகர உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு ஒரு வயரைத் தொட்டேன். இரைச்சல் நின்றது. வயரை எடுத்தேன், மறுபடி வந்தது. அப்படியென்றால் கண்டென்சருக்கு எர்த் கிடைக்கவில்லை; அதன் தகர உடம்பு டைனமோவின் வெறும் இரும்பைத் தொட்டால்தான் அது கிடைக்கும். ஸ்குருவைக் கழற்றிப் பார்த்தேன். அது உட்கார்ந்திருந்த இடத்தில் இரும்பே தெரியவில்லை. பளபளவென்று என் சாம்பல் நிறப் பெயிண்ட், இரண்டு கோட்.

அந்த ஓர் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பாக்கி மாட்டினேன். வேலை முடிந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்தான். மனசு வரவில்லை. அவரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கொடியேற்ற அறிவிப்போடு ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்தது. பட்டறை முன்னால் வேகம் குறைந்தது.

“அன்பார்ந்த பொதுமக்களே, பெயிண்ட் சத்தம் போடுமான்னு கேட்ட அண்ணன் கடை இதுதான்!”

தெருவே சிரித்தது. காதில் விழாத மாதிரி இருந்துவிட வழியில்லை. ஒவ்வொரு சொல்லும் அத்தனை சுத்தமாகக் கேட்டது.