ரெஹேமாவின் அடுப்பு

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் லாட்ஜ். நோயாளியோடு வருபவர்கள் சமைத்துக்கொள்ள அடுப்பு கொடுப்போம். அறையைக் காலி செய்யும்போது திரும்ப எடுத்துக்கொள்வோம்.

தான்சானியாவிலிருந்து கணவரோடு வந்திருந்த ரெஹேமா எனக்கு ஸ்வாஹிலி கற்றுத்தந்தாள். வினைக்கு முன்னால் ‘நினா’ சேர்த்தால் நான், ‘உனா’ சேர்த்தால் நீ. நினாபிகா, நான் சமைக்கிறேன். உனாபிகா, நீ சமைக்கிறாய். ‘சமைக்காதே’ வரை நாங்கள் போகவில்லை.

அவள் கணவர் இறந்த அன்று, சாவு விழுந்த இடத்தில் அடுப்பு எரியக் கூடாதே என்று அதை எடுத்து வந்து, அவளுக்கும் சேர்த்து என் வீட்டில் உலை வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். “இன்னா பண்ணிட்டே? காலி பண்ணச் சொல்றோம்னு நெனச்சு அந்தம்மா மூட்டை கட்டுது!”

சோற்றோடு போனேன். தமிழில்தான் கெஞ்சினேன். அறைச் சாவியை என் கையில் வைத்து, “அசாந்தே” என்றாள். நன்றி என்று அர்த்தம்.

லாட்ஜில் சாவு விழுந்தால் இன்றும் சோறு கொண்டுபோகிறேன். அடுப்பில் மட்டும் கை வைப்பதில்லை.