சேறடிக்கும் டிராக்டரும் கொக்குகளும்

நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்று நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் பேருந்துச் சாலையை விட்டு ஆற்றங்கரை வழியாகப் போவதென முடிவெடுத்தேன். பிரேயர் மணிக்குள் போய்விட வேண்டும். கழுத்தில் கேமரா.

கரையோர வயலில் டிராக்டர் சேறடித்தது. பின்னால், கிளறிய சேற்றில் புழு பொறுக்க வயல் நிறையக் கொக்குகள்.

கேமராவைப் பார்த்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலை வாரினார். சேறடிப்பது நின்றதும் கொக்குகள் அடுத்த வயலுக்குப் போய்விட்டன.

"நிறுத்தாதீங்கண்ணே, கொக்கைத்தான் எடுக்குறேன்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? இருங்க, வரவைக்கிறேன்."

ஒரு சுற்று ஓட்டினார். அத்தனை கொக்குகளும் என் தலையை ஒட்டிப் பறந்து வந்து இறங்கின. சிறகுக் காற்று முகத்தில் அடித்தது. வானமே வெள்ளையாக இருந்தது. கேமராவைத் தொடவே தோன்றவில்லை.

"எடுத்தாச்சா சார்?"

"இன்னொரு சுத்துண்ணே."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.