மாமனாரும் நாயும் இருந்த கிருத்திகை

யுத்தத்தில் லாரி ஓட்டப் பர்மா பக்கம் போன என் கணவர், என்னையும் தன் நாயையும் திருத்தணியில் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் கடிதங்களில் முதல் வரி நாயின் சௌக்கியம். என் சௌக்கியம் கையெழுத்துக்குச் சற்று மேலே, இடம் மிச்சமிருந்தால். சித்திரைக்குப் பிறகு அந்தக் கடிதங்களும் நின்றுபோயின. அப்போதுதான் நாய் இளைக்க ஆரம்பித்தது. வயிறு மட்டும் பானை மாதிரி. அவர் திரும்பி வரும்போது நாய் உயிரோடு இல்லாவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு ஒரே பயம்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் பூச்சி என்றார். நாய் இளைக்கும்வரை காத்திராமல் வருஷத்தில் சில தடவை மருந்து கொடுக்க வேண்டுமாம். பாக்குத் தூளில் ஏதோ கலந்து பொட்டலம் கட்டினார்.

"ஒரு நாள் பூரா பட்டினி போட்டு, மறுநாள் காலைல குடுங்க. வயித்துல ஒரு பருக்கை இருந்தாலும் மருந்து புடிக்காது."

எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா? மாமனார் இலைமுன் உட்கார்ந்தால் நாயும் பக்கத்தில் உட்காரும். முதல் கவளம் அதற்கு, அடுத்தது அவருக்கு. அதைக் கொல்லையில் கட்டிப் பார்த்தேன். ஊளையிட்டது. மாமனார் சோற்றுக் கையோடு எழுந்துபோய் ஊட்டிவிட்டு வந்தார். மருந்து வீணாயிற்று, நாய் இன்னும் இளைத்தது.

"அது பட்டினி கெடக்கணும்னா நீங்களும் சாப்புடக் கூடாது மாமா," என்றேன். கோபத்தில் சொன்னதுதான்.

அவர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆங். கெடந்துட்டுப் போறேன்," என்றார்.

வேறு பொட்டலம் வாங்கி வந்து ஆடிக் கிருத்திகையன்று என்று முடிவு செய்தேன். அன்று நானும் மாமியாரும் எப்படியும் விரதம், அடுப்பு மாமனாருக்காக மட்டுமே எரியும். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தும் ஒரு கிருத்திகைகூட இருந்தறியாத மனிதர் அன்று காலைக் காபியைத் தள்ளிவிட்டார். மாமியாருக்கு வந்ததே கோபம்!

"புள்ளைக்காவ ஒரு கிருத்திகை இருங்கன்னு எத்தினி தபா கேட்டுகினு இருந்தேன்! நாயி வயித்துல பூச்சின்னதும் இருக்கறாராம்!"

"பூச்சி கண்ணுக்குத் தெரியுது. நான் பட்டினி கெடந்தா அவன் மேல குண்டு படாதா இன்னா?" என்றார் மாமனார்.

மாமியார் மலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆடிக் கிருத்திகையில் ஊரெல்லாம் காவடி, கையெல்லாம் புளியோதரை. தின்னக் கொடுப்பவர்களிடமிருந்து நாயைக் காப்பாற்ற மாமனார் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பக்தர் ஒருவர் நாய்க்கு ஓர் உருண்டை நீட்டினார்.

"வேணாங்க. விரதம்."

"யாருக்குங்க?"

"ரெண்டு பேருக்கும்."

அந்த மனிதர் உருண்டையைக் கீழே வைத்துவிட்டு நாயைக் கும்பிட்டார். அவ்வளவுதான், மதியத்துக்குள் விரதமிருக்கும் நாயைப் பார்க்க வரிசை கட்டிவிட்டார்கள். நகரியிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, மகள் கல்யாணம் தள்ளிப்போவதைத் தெலுங்கில் முறையிட்டாள். யாரோ போட்ட மாலையை நாய் தின்ன ஆரம்பித்தது. மாமனார் அதன் வாய்க்குள் கைவிட்டுச் சாமந்தியைப் பிடுங்கினார்.

"பூவு கணக்குல வருமான்னு கம்பவுண்டரைக் கேட்டுகினு வாம்மா!" என்று என்னைத் துரத்தினார்.

ஓடினேன். கம்பவுண்டரும் விரதமாம், மலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் பசி தாங்காமல் மாமனார் நாயைத் திட்டினார், நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. வரிசையில் நின்றவர்கள் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மருந்து உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் கொத்தாக வெளியே வந்தன. "வந்து பாருடி, வந்து பாரு!" என்று மாமனார் மாமியாரைக் கூப்பிட்ட கூப்பாட்டில், எதிர்வீட்டுக்காரர்கள் கற்பூரத் தட்டோடு கொல்லைக்கு ஓடிவந்தார்கள். பார்த்துவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனார்கள். மாமியார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாய் தேறிவிட்டது. கடிதம் மட்டும் வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த கிருத்திகையன்று காலை மாமனாருக்குக் காபி கொண்டுபோனேன். வேண்டாமென்று கையை ஆட்டினார்.

"நாய்க்குத்தான் குணமாயிட்டுதே மாமா!"

"அதுக்குச் சோறு வைம்மா. எனக்கு வேணாம்."

சமையலறை வாசலில் மாமியார் வந்து நின்றார். "இப்ப எதுக்கு?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை.

மாமனார் அவர் முகத்தைப் பார்க்காமல் நாயின் முதுகைத் தடவினார். "மறுபடி பூச்சி வந்துடக் கூடாது இல்ல?" என்றார்.

மாமியார் அன்று மலைக்குப் போகவில்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் நாய் மட்டும் சாப்பிட்டது.