அண்ணி சொன்ன இரண்டு அணிகள்

நண்டை மல்லாத்திப் போட்டுக் கட்டைவிரலால் வயிற்றை ஓர் அமுக்கு அமுக்குவார் அண்ணி. விரல் உள்ளே போனால் தண்ணி நண்டு. போகாவிட்டால் சதை நண்டு. அதற்கு ஒரு கூடை, இதற்கு ஒரு கூடை. கண் மட்டும் கூடையில் இருக்காது, டிவியில் இருக்கும். எங்கோ ஒரு நாட்டில் யாரோ பந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நண்டு பிரிப்பார். ஒரு நாளும் கூடை மாறிப் போட்டதில்லை. பொன்னேரி மார்க்கெட்டில் அவர் கூடையை வாங்கினவர்கள் மறுபடி அமுக்கிப் பார்த்ததும் இல்லை.

அவர் என் அண்ணன் மனைவி. அனுப்பம்பட்டில் பிறந்தவர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் ஊருக்கு வாழ வந்தபோது அவருக்கு ஏரியும் தெரியாது, நண்டும் தெரியாது. கிரிக்கெட் தெரியும். அவருடைய நைனா ரேடியோவில் ஆட்டம் கேட்கிறவர். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் ஸ்கோர் எழுதுவது மகளின் வேலை. அப்படிப் பழகினது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், ஸ்கோர் எழுதுவதை நிறுத்தவில்லை. நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத வருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து உலகக் கோப்பை நடத்தினார்களே, அந்த வருஷம். ஆட்டம் தொடங்க ஒரு மாதம் இருந்தது. மத்தியானம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து வலையில் கிழிசல் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. டிவியில் ஒவ்வொரு அணியாகக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அண்ணி ஒரு வார்த்தை சொன்னார். என்னிடம் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. டிவிக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது.

"இங்கிலாந்து பழைய வலையத் தூக்கிக்கினு வர்றான். மத்தவங்கல்லாம் மாத்திட்டாங்க, இவனுக்கு இன்னும் தெரியல. இலங்கை ரெண்டு பெரியவங்க தோள்ல நிக்கிது. அவங்க எறங்கிட்டா கத முடிஞ்சிது. மேற்கிந்தியத் தீவு அடிச்சா அடிப்பான், உழுந்தா கூட்டத்தோட உழுவான். பாகிஸ்தான் நாளைக்கு எப்பிடி ஆடுவான்னு அவனுக்கே தெரியாது. தென்னாப்பிரிக்கா நல்ல ஆட்டக்காரன்தான், பெரிய நாள்ல கை நடுங்கும்."

"இந்தியா?" என்று கேட்டேன்.

"போற வழியெல்லாம் கெலிக்கும். அரையிறுதி வரிக்கும் எவனும் தொட முடியாது. அங்க ஒரு பெரிய ஸ்கோரத் தொரத்தணும்னு வரும். மேல இருக்குற மூணு பேரு போயிட்டா, கீழ அமுக்கிப் பாரு. தண்ணி."

"அப்ப ஃபைனல்ல யாரு?"

"ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. ரெண்டு பேரும் சொந்தத் தண்ணியில நிக்கிறாங்க."

"இந்தியாதான் கெலிக்கும் அண்ணி."

"நீ ஆசையச் சொல்ற தம்பி. நான் ஆட்டத்தச் சொல்றேன்."

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். மூன்று ஊருக்கும் மாறி மாறி நாள். ஊருக்குள் எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்போம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம்தான் முதல் இடம். தண்ணீர் வடியும்போது இறால் அந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்கும். தண்ணீர் வேகமாக வடிகிற நல்ல தண்ணீர் நாளில் முகத்துவாரம் கிடைத்த வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சிரிப்பு இருக்கும். எங்களுக்கு அது வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கடைசி இடம் சேத்துப்பள்ளம். அங்கே பாசிதான் வரும்.

உலகக் கோப்பைக்கு ஒரு வாரம் முன்னால் ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டுச் சீட்டு எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல தண்ணீர் நாள், முகத்துவாரம். அந்தச் சீட்டு அண்ணன் கையில் வந்தது. அவர் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று. வலையில் எனக்கும் பங்கு உண்டு. நானும் சிரித்தேன்.

சிரித்து முடிக்கவில்லை. ஏலக்காரர் எழுந்தார். கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். ஊரில் அவர் குரலுக்கு மேல் குரல் கிடையாது. கையில் செய்தித்தாள் வைத்திருந்தார்.

"தலைவரே, அன்னிக்கித்தான் ஃபைனலு. இந்தியா ஆடும்போது எவன் ஏரில போயி நிப்பான்? நாளப் பக்கத்து ஊருக்கு வுட்டுட்டு அவங்க நாள நாம வாங்கிக்கலாம்."

இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் தரும் நாளில் தண்ணீர் அசையாது. ஊரில் இருக்கும் எட்டு வலைக்கும் நஷ்டம். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தியா ஆடுமே.

பெண்கள் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அங்கிருந்து அண்ணி சொன்னார். "இந்தியா ஃபைனலுக்கு வராது. நாள வுடாதீங்க."

கொட்டகையே சிரித்தது. ஏலக்காரர் திரும்பினார். "இன்னாம்மா, முகத்துவாரம் உன் வூட்டுக்கு வந்துச்சுன்னு இந்தியாவையே தோக்கடிக்கிறியே!"

"சீட்டு எடுக்குறதுக்கு முன்னாலயே இதான் என் பேச்சு மாமா."

"யாரு கேட்டா?"

நான் கேட்டேன். நான் ஒருவன்தான் கேட்டேன். தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் நாலு வார்த்தை. திறக்கவில்லை. சொன்னால் என்னையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று இருந்தது. பங்குக்காரன் பேச்சு எடுபடாது என்றும் இருந்தது. இந்தியா வராது என்று என் வாயால் சொல்ல மனசு இல்லை, அதுவும் உண்மை. எது முதல் காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் கையை உயர்த்தினார். "நிச்சயமா சொல்றியாம்மா?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்து தாடையைச் சொறிந்தார். பிறகு லேசாகத் தலையை ஆட்டினார். நான் பார்த்ததிலேயே பெரிய தலையாட்டல் அதுதான்.

"மாமா, முகத்துவாரத்த நீங்க எடுத்துக்கோங்க. உங்களுக்கு வந்த சேத்துப்பள்ளத்த எங்களுக்குக் குடுங்க. இப்ப சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்தியா வராது. நாள வுடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஏலக்காரர் செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலைவர் நாள் மாறாது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

ஆட்டம் தொடங்கியது. இந்தியா கெலித்தது. அடுத்ததிலும் கெலித்தது. ஒன்று விடாமல் கெலித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தெருவில் வெடி. ஏலக்காரர் எங்கள் வாசலில் நின்று குரல் கொடுப்பார். "ஜோசியக்காரம்மா, இன்னும் வராதா?" அண்ணி உள்ளிருந்தே பதில் சொல்வார். "ஆட்டம் இன்னும் இருக்குது மாமா. நீங்க வலையச் சரி பாருங்க, பாடு உங்களுது." இளவட்டங்கள் அண்ணியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃபைனல் அன்றைக்கு ஏரியில் நிற்க வைத்துவிட்டார் என்று கோபம். முகத்துவாரத்தையும் விட்டாயிற்று, இந்தியாவும் வந்துவிட்டால் அண்ணி ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டார்.

அரையிறுதியை அண்ணன் வீட்டில் பார்த்தோம். ஆஸ்திரேலியா பெரிய ஸ்கோர் அடித்தது. இந்தியா தொடங்கினது நன்றாகத்தான் இருந்தது. பிறகு மேலே இருந்தவர்கள் அடுத்தடுத்து அவுட்டாகிப் போனார்கள். அண்ணி எழுந்து போய்ப் பின்பக்கம் பாத்திரம் துலக்கினார். துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்கினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் பின்னால் போனேன். கண் சிவந்திருந்தது.

"நானும் இந்தியாதான் கெலிக்கணும்னு நெனச்சேன். நெனச்சா ஆச்சா?"

ஃபைனலில் அவர் சொன்ன இரண்டு அணிகளும் ஆடின. ஊரில் யாரும் டிவி போடவில்லை. எட்டு வலையும் ஏரியில் இருந்தன. முகத்துவாரத்தில் ஏலக்காரர் வலையைத் தூக்க ஆள் போதாமல் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரல் சேத்துப்பள்ளம் வரைக்கும் வந்தது. நானும் அண்ணனும் முழங்கால் சேற்றில் நின்று பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒரே ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தார். தண்ணீர் வடிகிற வேகத்தைப் பார்த்து, "நல்ல வத்தம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சாயங்காலம் ஏலக்காரர் ஒரு கூடை இறாலோடு வாசலில் வந்து நின்றார். முதல் தடவையாக அவர் குரல் சின்னதாக இருந்தது. "அடுத்த உலகக் கோப்பைக்கு எவன்மா?"

"அதுக்கு நாலு வருசம் கெடக்குது. வெளிய நின்னுக்கினு கேக்குற கேள்வியா இது? உள்ள வாங்க மாமா, டீ குடிங்க."

அவர் போன பிறகு அண்ணியிடம் சொன்னேன். "நீங்க சீட்டுக்கு முன்னாடியே சொன்னத நான் கேட்டேன் அண்ணி."

"தெரியும்."

"அப்ப கூட்டத்துல ஏன் என்னக் கூப்புடல?"

"கூப்ட்டிருந்தா சொல்லியிருப்ப. நீயா சொல்றியான்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. இறால் உரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் தட்டு வைத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அண்ணனும் அண்ணியும் மீஞ்சூரில் மகளோடு இருக்கிறார்கள். அண்ணனுக்கு முட்டி போய்விட்டது. அண்ணி பேச்சு மட்டும் எங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. பெரிய போட்டி எது வந்தாலும் தலைவர் முதலில் அண்ணியைக் கேட்கிறார், பிறகுதான் சீட்டு எடுக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த வழக்கம் இது. யாருக்கு எந்த இடம் என்று தெரிவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் யாரும் யாரையும் சந்தேகப்பட முடியாது. அண்ணி சொன்னது இரண்டு முறை தப்பியிருக்கிறது. இரண்டு முறையும் அவரே போன் போட்டு, எங்கே கணக்கு தப்பியது என்று தலைவருக்கு விளக்கிச் சொன்னார். தலைவர் பாதிதான் புரிந்துகொண்டார்.

போன வாரம் மறுபடி கூட்டம். அடுத்த மாதம் போட்டி. ஃபைனல் எங்கள் நாளில் விழுகிறது. என் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொட்டகை நடுவில் வைத்தேன். அண்ணி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மீஞ்சூரில் ரயில் போகிற சத்தம் நடுவில் கேட்டது. அது போகும் வரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்தத் தபா இந்தியா வரும். எட்டாவது ஆளு வரிக்கும் அடிக்கிறான். கடைசி ஓவர் போட ரெண்டு பேரு இருக்காங்க. எவன் வந்தாலும் சமாளிக்கும். நாள மாத்திக்கோங்க."

போன வருஷம்தான் சொந்த வலை வாங்கினவர் ஒருவர் எழுந்தார். பழைய கதை தெரியாதவர். "நல்ல தண்ணி நாளு தலைவரே. மீஞ்சூர்ல ஒக்காந்துக்கினு ஒரு அம்மா சொன்னாங்கன்னு எட்டு வலையும் நாள வுடணுமா? அவங்களுக்கு இன்னா போச்சு?"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். கூட்டத்தில் நான் எழுந்து பேசினதே கிடையாது. ஏலக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"அவங்களுக்குப் போச்சு. முகத்துவாரம் போச்சு. சீட்டு வந்தப்புறம் அவங்க பேச்ச மாத்தல. சீட்டுக்கு மூணு வாரம் முன்னாடியே, இந்தியா வராதுன்னு சொன்னாங்க. ரெண்டு அணி பேரும் சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன். நான் கேட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் போன் அணைக்காமல் இருப்பது நினைவுக்கு வந்தது.  அணைக்கக் குனிந்தேன்.

"தம்பியா பேசுறது?"

"ஆமா அண்ணி."

"சரி. சீட்டப் போடச் சொல்லு."

நாள் மாறியது. சீட்டுப் போட்டோம்.