காலை உணவுக்குப் பின் ஒன்று

மட்டாஞ்சேரியில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்று சும்மா சொல்லவில்லை. உட்கார ஒரு ஸ்டூல் உண்டு, ஆனால் அதன் மேல் எப்போதும் ஏதாவது ஒரு சரக்குப் பெட்டி இருக்கும். என் முதுகுக்குப் பின்னால் உள்ள அலமாரியில், வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக இருக்கும் இரண்டு தட்டுகள் பெண்களுக்கு. பெண்களுக்கென்றே தயாரித்த சத்துமாவு, பெண்களுக்கென்றே தயாரித்த கால்சியம், முடிக்கு ஒன்று, நகத்துக்கு ஒன்று, தோல் மினுங்க ஒன்று, மிட்டாய் போல் சப்பிச் சாப்பிட ஒன்று. எல்லா டப்பாவும் ரோஸ் நிறம். எல்லா டப்பாவிலும் ஒரு பெண் சிரிக்கிறாள். வீட்டில் யாரோ பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டார்கள் போல, அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்துத் தட்டில் ஆண்களுக்கான நீல டப்பா. இரண்டையும் திருப்பிப் பின்பக்கம் படித்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சமாச்சாரம்தான்.

வருகிற பெண்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். "ஒரே க்ஷீணம்." களைப்புக்கு இந்த ஊரில் அதுதான் வார்த்தை. உடனே நான் ஆரம்பித்துவிடுவேன். இரும்புச் சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்காதீர்கள், உடம்பில் ஒட்டாது, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். கால்சியத்தையும் அதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது குடியுங்கள். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். சிலர் என்னை டாக்டரே என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் வந்த மரியாதை. நான் ஒரு நாளும் திருத்தியதில்லை.

என் அக்கா அந்தக் கடைக்கு முன்னால் தெரு பெருக்குகிறாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். முதலில் அந்த வேலைக்குப் போனது அம்மா. அம்மாவுக்கு இடுப்பு போனபோது, உடனே வேறு ஆள் வராவிட்டால் இடம் போய்விடும் என்று கான்ட்ராக்டர் சொன்னார். அக்கா அப்போதுதான் பத்தாம் வகுப்பு எழுதியிருந்தாள். மறுநாள் காலையே அம்மாவின் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஐந்தாம் வகுப்பு. நான் தொடர்ந்து படித்தேன், டி.ஃபார்ம் வரைக்கும். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல இது. அவள் போனாள், நான் படித்தேன், அவ்வளவுதான். முப்பது வருடமாக அவளுக்குப் படகுத்துறையிலிருந்து மசாலாக் கடைத் தெரு வரைக்கும் ஒரே வழி, ஒரே வேலை.

நாற்பத்தைந்து தாண்டியதும் அவளுக்கு மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று ரத்தம் போகத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை, மருந்துக் கடையில் நிற்கிற தங்கையிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையோடு எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழரைதான் இருந்தது. பத்து ஆகாமல் ஆபரேஷன் மேசையில் ஏற்ற மாட்டேன் என்றார். அதே சமயம், இப்படியே ரத்தம் போய்க்கொண்டிருந்தால் இதயம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஏழரையைப் பத்தாக்க வேண்டும். அதுவும் சீக்கிரம்.

"இதை என்கிட்ட விடு அக்கா" என்றேன். எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகு அவளுக்கு நான் செய்ய ஒன்று கிடைத்துவிட்டதே. நல்ல கம்பெனி மாத்திரையாகப் பார்த்து எடுத்தேன். ரோஸ் டப்பா ஒன்று, பேரீச்சம்பழச் சிரப் ஒன்று. மாத்திரைக் கவரின் மேல் மலையாளத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: காலை உணவுக்குப் பின் ஒன்று. எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம் தந்த எழுத்து மலையாளம்தான், தமிழ் எழுத்து நான் பிற்பாடு தனியாகப் படித்தது. மாதா மாதம் சாயங்காலம் பஸ் ஏறி இடக்கொச்சிக்குப் போய் அவள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். ஏழே முக்கால்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "மருந்து கழிக்குன்னில்லா, அல்லே?" என்றார். சாப்பிடுவதே இல்லை, அப்படித்தானே என்று. அக்கா, தினமும் சாப்பிடுகிறேன் என்றாள். டாக்டரம்மா அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க ஃபார்மசிஸ்ட் அல்லே? நீங்களாவது பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்றார். என் முகம் எரிந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் வரைதான் பொறுத்தேன்.

"எங்க போடறே எல்லாத்தையும்? குப்பை வண்டியிலயா?"

"தினோம் சாப்பிடறேன்டி. ஒரு நாள் கூட முடக்கினதில்ல."

"பொய் சொல்லாதே. சாப்பிட்டா ஏன் ஏறல?"

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சேலைத் தலைப்பைவிட அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. மலச்சிக்கல் வருகிறது, வயிறு பிரட்டுகிறது என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிற எத்தனையோ பெண்களைப் பார்த்தவள் நான். இவளும் அந்தக் கூட்டம்தான் என்று தீர்மானித்துவிட்டேன். அடுத்த மூன்று மாதம் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினாள். இரண்டாவது தடவை எட்டு. ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப் போனது.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு, பாங்குக்குப் போய்விட்டு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, பெருக்குகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருகிற, சுக்கு கோடவுன்களுக்குப் பின்னால் இருக்கிற சாயாக் கடைக்குப் போனேன். பூட்டிக் கிடந்த ஒரு கோடவுன் படியில் அக்காவோடு சேர்த்து, பச்சைக் கோட்டு போட்ட ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அவர்கள் பார்க்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த இரண்டு தோசையைத் தின்றாள். கையைத் துடைத்தாள். கோட்டுப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி நாக்கில் வைத்தாள். அரை கிளாஸ் சாயாவை எடுத்து மடக்கென்று விழுங்கினாள்.

நான் எழுதியபடியேதான். காலை உணவுக்குப் பின் ஒன்று. அதில் ஒரு எழுத்தைக்கூட அவள் மீறவில்லை.

"சாயாவோடயா முழுங்கறே?" என்று கத்திவிட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். "பின்னே?"

"இரும்பு மாத்திரைய சாயாவோட போடக் கூடாதுன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் தொண்டை கிழியச் சொல்றேனே!"

"சொல்லியிருப்பே. என்கிட்ட சொல்லலையேடி."

சொல்லவில்லைதான். கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதை, யாருக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேனோ அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். தப்பு என் பக்கம் என்று தெரிந்ததும் குரல் இன்னும் ஏறியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"ஒரு கிளாஸ் தண்ணி கெடைக்காதா உனக்கு? இந்தக் கடையில கேட்டா தர மாட்டாங்களா?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதானவர்தான் பதில் சொன்னார். "மோளே, வெள்ளம் குடிச்சா பின்னே எங்க போறது?" மகளே, தண்ணீர் குடித்தால் பிறகு ஒன்றுக்கு எங்கே போவது என்று.

காலை ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால் ஒரு மணி வரைக்கும் வேலை. அந்த வழி முழுக்கக் கடைகள், சுற்றுலாக்காரர்களுக்கான காபிக் கடைகள். எல்லாவற்றிலும் கழிப்பறை உண்டு, எல்லாம் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு. அதனால் இவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. பத்து மணிக்கு அரை கிளாஸ் சாயா, அதுவும் அரைதான். முழு கிளாஸ் குடித்தால் பன்னிரண்டு மணிக்கு முட்டும். முப்பது வருடமாக என் அக்கா இப்படித்தான் இருந்திருக்கிறாள். நான் கவுண்ட்டரில் நின்று ஊருக்கெல்லாம் இரண்டு லிட்டர் அளந்துகொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். "ரத்தம் போற நாள்ல என்ன பண்ணுவே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு துணி சேர்த்து வெச்சுப்பேன். ஒரு மணி வரைக்கும் தாங்கணுமே."

பிறகு அவளே சொன்னாள், மாத்திரை அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டே. கோபமெல்லாம் இல்லை, மழை வருமா என்று கேட்பது போலத்தான் சொன்னாள். "உன் கடையில பாத்ரூம் இருக்குல்ல? ஒன்பதரைக்கு நான் அங்கதானே பெருக்கறேன். பதினோரு வருஷத்துல ஒரு நாள், அக்கா உள்ள வந்துட்டுப் போன்னு நீ கூப்பிட்டதில்ல."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மாத்திரை விஷயம் சுலபமாக முடிந்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையை அடித்துவிட்டு இரவு என்று எழுதினேன். வீட்டில், எலுமிச்சம்பழத் தண்ணீரோடு. அடுத்த மூன்று மாதத்தில் பத்தைத் தொட்டது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. இரண்டு மாதம் படுத்திருந்தாள், பிறகு வேலைக்கு வந்துவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் கூட வந்திருக்கிறது. எத்தனை மணிக்கு சாப்பிடுகிறாய், எதோடு சாப்பிடுகிறாய் என்று ஒரே ஒரு கேள்வி நான் முதலிலேயே கேட்டிருந்தால் ஆறு மாத ரத்தம் மிச்சமாகியிருக்கும். கேட்காமல் திட்டினேன். அதற்காக என்னை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அடுத்து சொல்லப் போவதற்கு மாட்டேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானமே முதலாளியிடம் பேசினேன். அக்கா காலையில் கடைக் கழிப்பறைக்கு வந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் பில் புத்தகத்திலிருந்து தலையைக் கூடத் தூக்கவில்லை. "வந்நோட்டே, அதினெந்தா?" என்றார். வரட்டும், அதற்கென்ன என்று. அவ்வளவுதான். இதற்குப் போய்க் கேட்க வேண்டுமா என்பது போல் இருந்தது அவர் குரல்.

சாயங்காலம் இடக்கொச்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். போகப் போக யோசனை வந்தது. ஒன்பதரை மணி, கூட்டம் இருக்கிற நேரம். பச்சைக் கோட்டு, கையில் துடைப்பம், என்னை டீ போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வருவாள். டாக்டரே என்று கூப்பிடுகிறவர்கள் கவுண்ட்டரில் நிற்பார்கள். பின்னாலேயே மற்ற நாலு பேரும் வருவார்கள். பாலத்தைத் தாண்டி இறங்குவதற்குள் என் வாயில் வேறு ஒரு செய்தி தயாராகிவிட்டது.

"மொதலாளி சரின்னுட்டார்" என்றேன் அவளிடம். "ஆனா நீ மட்டும் வரணும். மத்தவங்கள கூட்டிட்டு வரக் கூடாது. கோட்டக் கழட்டி வெளிய வெச்சிட்டு, பின் வாசல் வழியா வந்துட்டுப் போகணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "இதெல்லாம் அவரு சொன்னாரா?"

"ஆமா. அவரு ஒரு மாதிரி."

"அந்த நாலு பேரயும் வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் எப்படிடி உள்ள வர்றது?" என்றாள். பிறகு என் தோளில் கை வைத்தாள். "விடு. பரவால்ல. எனக்காக நீ போய் அந்த ஆளுகிட்ட தாழ வேண்டாம்."

நான் சாயா குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா ஒரு நாள் கூட வரவில்லை. இன்றும் ஒன்பதரைக்கு எங்கள் கடை முன்னால் பெருக்குகிறாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள், முதலாளி வாசலில் நின்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். போன வாரம் அவர், என் அக்காவுக்குத் தன் மேல் என்ன கோபம் என்று என்னிடம் கேட்டே விட்டார். "உங்க சேச்சிக்கு என்னோட எந்தா பிணக்கம்? நான் வரச் சொன்னதல்லே?"

"அவ அப்படித்தான் சேட்டா, விடுங்க" என்றேன்.